ஜப்பானில் துணை ஆங்கில ஆசிரியர் வேலை: வாரம் 29.5 மணி நேர ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு?

தஞ்சை_நிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். எம்.ஏ., பி.எட். முடித்திருக்கிறேன். வரும் ஏப்ரலில் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஏ.எல்.டி., அதாவது துணை ஆங்கில ஆசிரியை, வேலைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. அனுப்பியது பள்ளியோ கல்வி வாரியமோ அல்ல. பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம்.

விசாவுக்காக ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்டார்கள். என் தொடக்கப் பள்ளி மூடப்பட்டு வேறு நிர்வாகத்திடம் போய்விட்டது. பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வழியாக அது முடிந்தது.

ஒப்பந்தத்தில் இருப்பவை இவை: மாதச் சம்பளம் 2,30,000 யென். ஆகஸ்டு மாதம் மட்டும் பாதி. வேலை நேரம் வாரம் 29.5 மணி. காலம் ஏப்ரல் 7 முதல் மார்ச் 24 வரை, புதுப்பிக்கத்தக்கது. காப்பீடு என்ற இடத்தில் "சட்டப்படி" என்று ஒரே சொல். கூடவே, நிறுவனம் பரிந்துரைக்கும் ஒரு தனியார் மருத்துவத் திட்டத்தின் விளம்பரத் தாள்.

கணவரும் ஏழு வயது மகனும் ஓர் ஆண்டு கழித்து வருவதாகத் திட்டம். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். இங்கே தனியார் காப்பீட்டில் அதற்காகவே காத்திருப்புக் காலம் போட்டார்கள். அங்கேயும் அப்படித்தானா? காப்பீட்டை யார் கட்டுவார்கள் என்பதை இப்போதே கேட்கலாமா, கேட்டால் வேலை போய்விடுமா? அப்பா, "வெளிநாட்டு வேலை தேடி வந்திருக்கிறது, இதையெல்லாம் போய்த் துருவிக்கொண்டிருக்காதே" என்கிறார்.

ஒசாக்கா_பாலா எழுதியது:

வாழ்த்துகள் அக்கா. நான் ஒசாக்காவில் எய்காய்வா எனப்படும் தனியார் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறேன். அப்பா சொல்வதுதான் சரி. வந்து இறங்கியதும் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்துவிட்டு, அதே கட்டடத்தில் கொக்குஹோ என்ற தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிடலாம். முந்தைய ஆண்டு ஜப்பானில் வருமானம் இல்லை என்பதால் முதல் ஆண்டுச் சந்தா மிகக் குறைவு. எனக்கு மாதம் இரண்டாயிரம் யென்னைச் சுற்றித்தான் வந்தது. நிறுவனக் காப்பீடு என்றால் சம்பளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். மருத்துவமனையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி 30 சதவீதம்தான் நாம் கட்ட வேண்டும். இளம் வயதில் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? கையில் வரும் பணத்தைப் பாருங்கள்.

குன்மா_கௌரி எழுதியது:

நிலா, நான் திருநெல்வேலிக்காரி. நீங்கள் வரப்போகும் குன்மாவில்தான் நெடுநாளாக இதே வேலை பார்க்கிறேன், மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டேன். கேள்வியை அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் அனுமதி கேட்காதீர்கள். காப்பீடு பற்றிக் கேட்டதற்காக வேலையை எடுத்துக்கொள்ளும் நிறுவனம், நீங்கள் நோயில் படுத்தால் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே இலவசமாகச் சொல்லிவிடுகிறது.

தம்பி பாலா சொன்ன 30 சதவீதம் உண்மை. முதல் ஆண்டு மலிவு என்பதும் உண்மை. அந்த இரண்டோடு அவர் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

உங்கள் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 2,30,000 யென் சம்பளம் அரசு அட்டவணையில் 2,40,000 என்ற படியில் விழும். ஷாக்காய் ஹோக்கென் என்பது நிறுவனம் சேர்க்கும் காப்பீடு: மருத்துவமும் ஓய்வூதியமும் சேர்ந்தது. மருத்துவத்துக்கு அந்தப் படியில் ஏறத்தாழ 10 சதவீதம், மாகாணத்துக்கு மாகாணம் சற்று மாறும். ஓய்வூதியத்துக்கு 18.3 சதவீதம். இரண்டிலும் பாதி நிறுவனத்தின் தலையில். உங்கள் பங்கு சுமார் 12,000-மும் 21,960-மும், ஆக 34,000 யென்னுக்குச் சற்றுக் குறைவு. பாலாவுக்கு இந்த எண்தான் பயமூட்டுகிறது.

இப்போது அவருடைய வழி. கொக்குஹோ என்பது மருத்துவம் மட்டும். ஓய்வூதியம் தனி, அதுவும் கட்டாயம். 20 வயது முதல் 59 வரை இங்கே முகவரி உள்ள எல்லோருக்கும். அது சம்பளத்தைப் பார்க்காது. 2025 ஏப்ரலில் மாதம் 17,510 யென், 2026 ஏப்ரலில் இருந்து 17,920. கொக்குஹோ சந்தா முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துப் போடப்படுவதால் முதல் ஆண்டு சும்மா கிடைத்த மாதிரி இருக்கும். முழு ஆண்டுச் சம்பளம் கணக்கில் ஏறியதும், ஊரைப் பொறுத்து, மாதம் 15,000 யென் அளவுக்குப் போகும். கூட்டிப் பாருங்கள். அதே முப்பத்து மூன்றாயிரம். ஏறத்தாழ ஒரே பணம். ஒன்றில் உங்களுக்கு ஈடாக நிறுவனமும் அதே தொகையைப் போடுகிறது, மற்றதில் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். போதாததற்கு இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜூமின்செய் என்ற குடியிருப்பு வரியும் சேர்ந்துகொள்ளும். புதிதாக வந்தவர்கள் பலர் அந்தக் கோடையில்தான் முதன்முறையாக ஊரில் இருந்து பணம் கேட்பார்கள்.

சரி, என்ன வித்தியாசம்? மருத்துவமனைச் சீட்டில் தெரியாது. வேலைக்குப் போக முடியாத நாளில் தெரியும்.

குன்மாவின் குளிர்காலக் காற்றைப் பற்றி நீங்கள் இங்கே வந்து தெரிந்துகொள்வீர்கள். வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு எரியாமல் உட்கார முடியாது. 18 லிட்டர் கேனை வண்டியில் இருந்து தூக்கியபோது என் முதுகுத்தண்டில் வட்டு விலகியது. அறுவைச் சிகிச்சை, அதன் பிறகு நீண்ட ஓய்வு. மருத்துவச் செலவுக்கு மாத உச்சவரம்பு உண்டு; என் சம்பளப் படிக்கு அப்போது 57,600 யென். அதற்கு மேல் காப்பீடே ஏற்றுக்கொண்டது, சாப்பாட்டுக் கட்டணம் மட்டும் தனி. ஒரு சின்ன நுணுக்கம்: அந்த வரம்பு நாட்காட்டி மாதத்துக்கு உரியது. நான் மாதக் கடைசியில் சேர்ந்து அடுத்த மாதம் வெளியே வந்ததால் இரண்டு மாத வரம்பும் கட்ட வேண்டி வந்தது. அவசரமில்லாத அறுவை என்றால் மாதத் தொடக்கத்தில் நாள் கேளுங்கள்.

இதுவரை கொக்குஹோவிலும் இதே கதைதான். வீட்டில் படுத்திருந்த காலத்துக்குத்தான் ஷாக்காய் ஹோக்கென் பணம் தந்தது. தொடர்ந்து மூன்று நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் நான்காம் நாளில் இருந்து சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் ஒன்றரை ஆண்டு வரை. பெயர் ஷோபியோ தெஆத்தேக்கின். 2,40,000 படியில் நாளுக்கு 5,333 யென். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் உண்டு. மருத்துவர் ஒரு பக்கமும் நிறுவனம் ஒரு பக்கமும் எழுதித் தரும் படிவம், அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளியில் இருந்த பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கும் ஏறத்தாழ இதே நோய். அவர் கொக்குஹோவில் இருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு நான் கட்டியதுபோலத்தான் கட்டினார். சம்பளம் மட்டும் ஒரு யென்கூட இல்லை. தையல் பிரித்த கையோடு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து, வகுப்பில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து பாடம் நடத்தினார். பேறுகாலத்திலும் இதே வேறுபாடு. பிரசவத்துக்கு முன் 42 நாள், பின் 56 நாள், அதே மூன்றில் இரண்டு பங்கு. ஷாக்காய் ஹோக்கெனில் உள்ளவருக்கு மட்டும்.

உங்கள் கணவர் விஷயம். இங்கே அரசுக் காப்பீட்டில் பழைய நோய் என்று யாரையும் ஒதுக்குவதில்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. சேர்ந்த அன்றே சர்க்கரை மாத்திரைக்கு 30 சதவீதம்தான். ஷாக்காய் ஹோக்கென் என்றால், அவர் வருமானம் ஆண்டுக்கு 13 லட்சம் யென்னுக்குள் இருக்கும்வரை உங்கள் காப்பீட்டிலேயே இருப்பார், மகனும் இருப்பான், அவர்களுக்காக ஒரு யென்னும் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. கொக்குஹோ தலைக்கு இவ்வளவு என்று ஏறும். மாமனார் மாமியாரைச் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2020 ஏப்ரல் முதல், சார்ந்திருப்பவர் ஜப்பானில் குடியிருக்க வேண்டும். தஞ்சாவூரில் இருப்பவருக்கு இல்லை. மகனைப் பற்றிக் கவலை வேண்டாம்: குன்மாவில் 2009 முதலே நடுநிலைப் பள்ளி முடியும்வரை பிள்ளைகளுக்கு அந்த 30 சதவீதத்தையும் மாகாணமும் நகராட்சியும் ஏற்றுக்கொள்கின்றன. ஏதாவது ஓர் அரசுக் காப்பீட்டில் அவன் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்தத் தனியார் திட்டத் தாளைக் குப்பையில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசா உள்ளவர் நிறுவனக் காப்பீட்டில் இல்லையென்றால் கொக்குஹோவில் இருந்தே ஆக வேண்டும். தனியார் திட்டம் எதற்கும் மாற்றாகாது. பின்னால் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது காப்பீடும் ஓய்வூதியமும் தவணை தவறாமல் கட்டிய சான்றைக் கேட்கிறார்கள். "நான் தனியாரில் இருந்தேன்" என்பதை அங்கே யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

இனி அந்த 29.5. பழைய விதிப்படி, முழுநேர ஊழியரின் நேரத்தில் நான்கில் மூன்று பங்கு வேலை செய்பவரை ஷாக்காய் ஹோக்கெனில் சேர்க்க வேண்டும். வாரம் 40 மணி என்றால் 30. அரை மணி குறைத்து 29.5 என்று எழுதினால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். பாடத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளையெல்லாம் "ஓய்வு" என்று கழித்துத்தான் அந்த எண்ணை வரவைத்தார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளி மதிய உணவு சாப்பிடுவதும் ஓய்வாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேரோடு சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

2016 அக்டோபரில் விதி மாறியது. வாரம் 20 மணியையும் மாதம் 88,000 யென்னையும் எட்டினால் சேர்க்க வேண்டும், முதலில் 501 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு. 2022 அக்டோபரில் அது 101 ஆனது, 2024 அக்டோபரில் 51. ஆகவே பெரிய நிறுவனம் என்றால் 29.5 என்று எழுதினாலும் பயனில்லை, சேர்த்தாக வேண்டும். பழக்கத்தில் அதே எண்ணை இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு பொறி உண்டு. அந்த 51 என்பது மொத்த ஆசிரியர்களின் எண்ணிக்கை அல்ல. ஏற்கெனவே பழைய விதிப்படி நிறுவன ஓய்வூதியத்தில் இருக்கும் ஊழியர்களின் எண்ணிக்கை. அலுவலகத்தில் முப்பது பேர் முழுநேரம், வெளியே இருநூறு ஆசிரியர்கள் 29.5 மணி என்றால், சட்டத்தின் கண்ணில் அது முப்பது பேர் நிறுவனம். ஆகவே "உங்கள் நிறுவனம் பெரியதா?" என்று கேட்காதீர்கள். "முதல் நாளில் இருந்தே என்னை ஷாக்காய் ஹோக்கெனிலும் கோசெய் நென்கின் என்ற நிறுவன ஓய்வூதியத்திலும் சேர்ப்பீர்களா? இல்லையென்றால் எந்த விதிப்படி?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய தேதி: மார்ச் 24. நிறுவனக் காப்பீட்டில் மாதக் கடைசி நாளன்று யார் உறுப்பினரோ அவருக்குத்தான் அந்த மாதச் சந்தா. மார்ச் 31-இல் ஒப்பந்தம் முடிந்தால் மார்ச்சுக்கு நிறுவனம் பாதி கட்ட வேண்டும். 24-இல் முடிந்தால் கட்ட வேண்டாம். மார்ச்சின் கொக்குஹோவையும் ஓய்வூதியத்தையும் நீங்கள் முழுதாகக் கட்டுவீர்கள். ஏப்ரலில் மறுபடி சேர்ப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதம் அவர்களுக்கு மிச்சம். பணம்கூடப் பெரிதில்லை. நோய்க்காலத் தொகை வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிட்டால், அதற்குப் பிறகும் அந்தத் தொகை தொடர, இடைவெளி இல்லாமல் ஓர் ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். மார்ச்சில் விழும் அந்த ஓட்டை ஆண்டுக் கணக்கை மறுபடி ஒன்றில் இருந்து தொடங்க வைக்கும். அடுத்த ஆண்டும் அதே வேலை என்று முன்பே முடிவாகியிருந்தால் காப்பீட்டை முறிக்கக் கூடாது என்பதுதான் விதி. கேட்பவருக்குத்தான் விதி.

நிஷிகசாய்_வித்யா எழுதியது:

கௌரி அக்கா எழுதியதில் 13 லட்சம் பற்றி ஒரு வார்த்தை, இங்கே நம் பெண்கள் பலருக்குப் பயன்படும். நான் டோக்கியோவில் கணவரின் விசாவில் இருக்கிறேன். நிஷிகசாய் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் ஆங்கில மழலையர் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியைகள். சார்ந்திருப்போர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி வரை வேலை செய்யலாம். கணவரின் காப்பீட்டில் இருந்தபடியே 13 லட்சத்துக்குள் சம்பாதித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பள்ளி நடத்தும் நிறுவனம் அந்த 51-ஐ எட்டிவிட்டால், வாரம் 20 மணி, மாதம் 88,000 என்ற கோட்டிலேயே நமக்குத் தனிக் காப்பீடு வந்துவிடும். அதனால் எங்கள் மேலாளர் எல்லோருக்கும் 19 மணி போட்டு வைத்திருக்கிறார். பள்ளி விழா மாதங்களில் மட்டும் 23, 24 மணி உழைக்கச் சொல்வார். ஒப்பந்தத்தில் 19 என்று இருந்தாலும் இரண்டு மாதம் தொடர்ந்து 20-ஐத் தாண்டி, இனியும் அப்படித்தான் என்றால், மூன்றாம் மாதம் சேர்க்க வேண்டும் என்று நகராட்சியில் இருந்த ஓர் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். மேலாளரிடம் சொன்னேன். அடுத்த விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

நிலா, உங்கள் கணவர் இங்கே வந்து வேலைக்குப் போனால் இதெல்லாம் அவருக்கும் பொருந்தும்.

சிங்கை_இளங்கோ எழுதியது:

நான் சிங்கப்பூரில் இருந்து ஜெட் திட்டத்தில் போனவன், ஷிக்கோக்கு தீவில் மேல்நிலைப் பள்ளி. வெளிநாட்டவரைத் துணை மொழி ஆசிரியர்களாக அழைக்க 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கிய திட்டம் அது. உள்ளூர் கல்வி வாரியமே வேலைக்கு வைக்கும், நடுவில் நிறுவனம் கிடையாது. காப்பீட்டைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. முதல் வாரத்திலேயே எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் முதலாண்டுச் சம்பளம் ஆண்டுக்கு 40,20,000 யென், எங்கள் காலத்தில் 33,60,000. ஆகஸ்டில் பாதி என்ற பேச்சே இல்லை. அதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளியில், நிறுவனம் வழியாக வந்த ஆஸ்திரேலியர் அதே பாடப் புத்தகத்தை வைத்து அதே பாடம் நடத்திக்கொண்டு கோடையில் உடனடி நூடுல்ஸில் காலம் ஓட்டினார். இந்தியர்களுக்கும் ஜெட் உண்டு, இடங்கள் மிகச் சில. ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது என்பது அதன் குறை.

ஓய்வூதியப் பணம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜப்பானை விட்டுப் போன இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஆறு மாதமாவது கட்டியிருக்க வேண்டும், 60 மாதம் வரைதான் கணக்கு. நிறுவன ஓய்வூதியம் என்றால் ஏறத்தாழ நம் பங்கு திரும்பி வரும், 20.42 சதவீத வரி போக. அந்த வரியையும் அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக வைத்தால் மீட்கலாம். தனியாகக் கட்டும் தேசிய ஓய்வூதியத்தில் கட்டியதில் பாதியளவுதான் வரும். ஆனால் இந்தியர்களுக்கு ஒரு யோசனை: 2016 அக்டோபர் முதல் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, ஓய்வூதியத் தகுதிக்கு இரு நாட்டு ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளலாம். பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகும். எங்களுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை, அதனால் யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

தஞ்சை_நிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கௌரி அக்கா சொன்னபடியே மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. "எங்கள் நிறுவனம் 51 பேர் வரம்புக்குள் வரவில்லை. உங்கள் நேரம் நான்கில் மூன்று பங்குக்குக் குறைவு. எனவே நகராட்சிக் காப்பீட்டில் சேர்ந்துகொள்ள வேண்டும். மாணவர்களின் கால அட்டவணையையொட்டி மார்ச் 24." இவ்வளவுதான். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கூடவே பள்ளிக் கால அட்டவணை ஒன்றும் வந்தது: காலை 8:10-க்கு வர வேண்டும், மாலை 4:15-க்குப் போகலாம், ஐந்து நாளும்.

இதற்கு நடுவே இன்னொன்று. அதே மாகாணத்தில் ஒரு சிறிய நகரத்தின் கல்வி வாரியம் நேரடியாக ஆள் எடுக்கிறது என்று என்னோடு படித்த ஒருத்தி அனுப்பினாள். சம்பளம் பத்தாயிரம் யென் குறைவு. ஆண்டு ஒப்பந்தம். நேர்காணல் இணையவழியில். எதற்குப் போவது அக்கா?

ஒசாக்கா_பாலா எழுதியது:

8:10 முதல் 4:15 வரை என்றால் 29.5 எப்படி வரும்? ஒரு நாளைக்கு எட்டு மணி. நானே இப்போதுதான் என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிறேன்.

குன்மா_கௌரி எழுதியது:

பாருங்கள் தம்பி, நன்றாகப் பாருங்கள்.

நிலா, அந்தக் கால அட்டவணைத் தாள் பத்திரம். ஒரு நாளைக்கு எட்டு மணி ஐந்து நிமிடம். மதியம் முக்கால் மணியை உண்மையான ஓய்வு என்றே கழித்தாலும் வாரம் 36 மணியைத் தாண்டுகிறது. 29.5 ஆக்க வேண்டுமானால் தினமும் இரண்டு மணிக்கு மேல் உங்களை ஆசிரியர் அறையில் "ஓய்வாக" உட்கார வைக்க வேண்டும். நிஜ நேரம் 30-ஐத் தாண்டினால் நிறுவனத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கே இடமில்லை, பழைய விதிப்படியே சேர்க்க வேண்டும். இதை ஓய்வூதிய அலுவலகத்தில், அதாவது நென்கின் ஜிமுஷோவில், ஆவணத்தோடு முறையிடலாம். குன்மாவில் மயேபாஷியிலும் ஓத்தாவிலும் இருக்கிறது. இரண்டு ஆண்டு பின்னோக்கிச் சேர்க்க வைக்கலாம். அப்படிச் சேர்த்தால் உங்கள் பங்கையும் மொத்தமாகக் கேட்பார்கள், நகராட்சிக்குக் கட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் கொஞ்சம் சேமிப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். தனியாகப் போகத் தயக்கம் என்றால் ஒசாக்காவில் ஜெனரல் யூனியன், டோக்கியோவில் தோசென் என்று வெளிநாட்டு ஆசிரியர்களுக்கான சங்கங்கள் இருக்கின்றன. ஷாக்காய் ஹோக்கென் வழக்குகளே அவர்களுக்கு அன்றாட வேலை.

ஆனால் வந்து இறங்குவதற்கு முன்பே வழக்குக்குத் தயாராகும் வேலை எதற்கு? நகரத்தின் நேரடி வேலைக்கு விண்ணப்பியுங்கள். 2020 ஏப்ரல் முதல் இப்படி எடுப்பவர்கள் "நிதியாண்டு நியமன ஊழியர்" என்ற பெயரில் நகராட்சி ஊழியர்கள் ஆகிவிடுகிறார்கள். காப்பீட்டில் சேர்ப்பார்கள், பெரும்பாலும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. போனஸும் உண்டு, அதனால் பத்தாயிரம் குறைவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இதிலும் குறை இல்லாமல் இல்லை. தனியார் நிறுவனத்தில் ஐந்து ஆண்டைத் தாண்டினால் காலவரையற்ற ஒப்பந்தம் கேட்கும் உரிமை உண்டு; நகராட்சி ஊழியருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேலை நிறுத்தமும் செய்ய முடியாது. ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த ஆண்டு உண்டா என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் கணவரும் ஏழு வயதுப் பையனும் இருக்கும் வீட்டுக்கு, முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, நான் இதைத்தான் எடுப்பேன்.

நேர்காணலில் இரண்டு கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்று, பள்ளிக்குப் பள்ளி போக வண்டி அவர்கள் தருவார்களா, இல்லை நீங்கள் வாங்க வேண்டுமா, குன்மாவில் பஸ்ஸை நம்பிப் பள்ளிக்குப் போக முடியாது. இரண்டு, கோடை விடுமுறையில் சம்பளம் முழுதா. முதல் நிறுவனத்துக்கு இப்போதே மறுப்பு எழுத வேண்டாம். "மார்ச் 31 வரை நீட்டி, 8:10 முதல் 4:15 வரையுள்ள நேரத்தை வேலை நேரமாக எழுதித் தந்தால் கையெழுத்திடுகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதை இங்கே வந்து சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.